நீ கிறிஸ்தவனா?

திருச்சபை வரலாறு என்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் சாமியார்களின் வரலாறு. யார் எந்த ஆண்டு வந்தார், எங்கே கோயில் கட்டினார், எந்த அரசனிடம் அனுமதி பெற்றார் என்று நீளும் கதையாடல் அது. பிள்ளைகள் அதில் ஓரத்தில்கூட வருவதில்லை. 'விசுவாசத்தில் நிலைத்திரு' என்ற போதனை மட்டும் முதலில் அவர்கள் தலையில்தான் இறங்கியது. அதற்கு எந்தப் பிள்ளை என்ன விலை கொடுத்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் துணையோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதைப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். தம்மால் போக முடியாத நோயாளிகள் வீட்டுக்குச் செபம் சொல்லப் பிள்ளைகளை அனுப்பினார். பழைய சாமியை யாராவது கும்பிட்டால், பெற்றோராகவே இருந்தாலும், பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள், விக்கிரகங்களை உடைத்தார்கள். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் மகிழ்ச்சியோடு விவரிப்பவர் சவேரியாரேதான். ஆக, தமிழ்க் கிறிஸ்தவத்தின் தொடக்கத்தில் பிள்ளை என்பது மாணவன், போதகன், உளவாளி எல்லாம் சேர்ந்த ஒன்று.

தமிழ் எழுத்து அச்சேறியதும் இந்தத் தேவையை ஒட்டித்தான். அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் வந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்', மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துகீசிய மொழியில் எழுதிய வினா விடை நூலின் தமிழாக்கம். இவ்வகை நூல்கள் தொடங்கும் கேள்வி ஒன்றுதான்: நீ கிறிஸ்தவனா? ஆம் என்று வாய் திறந்த கணத்தில் பிள்ளை ஒரு தன்னிலையாகிறது. கருத்தியல் மனிதரை விளித்துத் தன்னிலையாக்குகிறது என்று 1970இல் எழுதிய அல்தூஸர் அதற்குக் கிறிஸ்தவ மதத்தையே எடுத்துக்காட்டாக வைத்தது தற்செயல் அல்ல.

கடற்கரையில் தொடங்கிய இந்த முறை உள்நாட்டில் வேறு பலனைத் தந்தது. நொபிலி 1606இல் மதுரையில் தொடங்கிய பணி திருச்சிக்கும் கொள்ளிடத்தின் வடகரைக்கும் பரவியது. லால்குடி வட்டத்துப் புறத்தாக்குடியும், கிழக்கே வீரமாமுனிவர் தங்கிய ஏலாக்குறிச்சியும் அந்த மிஷனின் ஊர்கள். ஒரு சாமியாருக்குப் பல ஊர்கள். அவர் வருவதே எப்போதாவது. அன்றாட விசுவாசம் உபதேசியார் கையில் இருந்தது. வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியது அவர்களுக்காகத்தான்.

1773இல் போப்பாண்டவர் சேசு சபையைக் கலைத்தார். பிரெஞ்சு சேசு சபையினர் திருச்சிப் பக்கம் வந்து சேர்ந்தது 1838இல். இடையில் அறுபத்தைந்து ஆண்டுகள். கோவாக் குருமார் சிலர் வந்துபோனார்கள் என்றாலும், பல ஊர்களில் கோயிலை உயிரோடு வைத்திருந்தது உபதேசியாரும் வீடும்தான். வினா விடையின் வலிமை இங்கே தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்க முடியும். பின்னாளில் 'சின்னக் குறிப்பிடம் ஒப்பிக்காட்டி புதுநன்மை கிடையாது' என்று பிள்ளைகளை மிரட்டிய அதே மனப்பாடம், குரு இல்லாத காலத்தில் ஒரு சபையையே தாங்கிற்று. மேலிருந்து திணிக்கப்பட்டதை மக்கள் தமக்கானதாக ஆக்கிக்கொண்ட வரலாறு இது.

மனப்பாடத்தோடு சாதியும் கைமாறியது. பிராமண சன்னியாசி ஒரு பக்கம், பண்டாரசாமி மறு பக்கம் என்று போதகர்களையே சாதி பார்த்துப் பிரித்த மிஷன் அது. தலித் பிள்ளை ஞானோபதேசத்தில் எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று படித்தது. கோயிலில் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறையைக்கூடச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். அந்தச் சுவரை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் போராட வேண்டியிருந்தது.

பிறகு அரசு வந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்த சூசை, கிறிஸ்தவர் என்பதால் அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிடைக்கவில்லை என்று வழக்காடினார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. கல்லறைச் சுவர்களைப் போய்ப் பார்த்திருக்கலாம். இந்த மதத் தடையே வேண்டாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது. 2022இல் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

எனவே தலித் பிள்ளையிடம் அதே கேள்வி இரண்டு இடத்தில் கேட்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் 'நீ கிறிஸ்தவனா?' ஆம் என்றால் புதுநன்மை. தாலுகா ஆபீசில் 'நீ கிறிஸ்தவனா?' ஆம் என்றால் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை, பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் ஊர்தோறும் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமே அவருக்கு எதிரான சான்றாயிற்று. சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். பேசத் தெரியாத குழந்தை சொல்லாத 'ஆம்' முப்பது வருஷம் கழித்து நீதிமன்றத்தில் பேசுகிறது.

உயர்சாதிக் கிறிஸ்தவப் பிள்ளைக்கு இந்த இரட்டைக் கேள்வி கிடையாது. அதன் நிலைத்திருத்தலுக்கு அரசிடம் இதுபோலக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பாடம் இரண்டு பிள்ளைக்கும் ஒன்றேதான். தவறினால் குற்றவுணர்வு மட்டும் தலித் பிள்ளைக்கு. விசுவாசத்தில் நிலைத்திருக்கச் சொல்லும் வகுப்பில் 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியையும், கல்லறைச் சுவரை எதிர்த்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கட்டும். சவேரியார் பிள்ளைகளை அனுப்பி விக்கிரகங்களை உடைக்கச் சொன்னார். உடைக்க வேண்டியது கோயிலுக்குள்ளேயே கிடக்கிறது என்று இந்தப் பிள்ளைகள் திரும்பி வந்து சொன்னால், கேட்கும் பொறுமை சபைக்கு வேண்டும்.