திருமணத்துக்குச் சென்றவரும் வீடு காத்தவரும்

தமிழ்நாட்டுத் திருமண அழைப்பிதழ்களில் பெரும்பாலும் ஒரு தொடர் இடம்பெறும். ‘தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டும்’ என்பதே அது. வாழ்த்தைத் தபாலிலும் அனுப்பலாம்; தந்தி இருந்த காலத்தில் தந்தியிலும் அனுப்பினோம். ஆயினும், குடும்பத்தோடு வந்திருந்து வாழ்த்துவதையே நம்மவர் நிறைவான வாழ்த்தாகக் கருதினர். ‘நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், துக்கத்துக்கு அழைக்காமலே போக வேண்டும்’ என்பது நம் பெரியோர் வகுத்த முறை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் குடியேறிய தமிழர் இம்முறையின் அருமையை அறிவர். அதை நிறைவேற்ற இயலாதபோது உண்டாகும் வருத்தத்தையும் அறிவர். உடன்பிறந்தாள் வீட்டு முகூர்த்த வேளையில், விடுப்புக் கிடைக்காமல் அலுவலக மேசைமுன் அமர்ந்திருந்தவர் நம்மில் பலர்.

1947-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டில்லியில் ஒரு குடும்பத்துக்கு இத்தகைய இக்கட்டு நேர்ந்தது. அந்தக் குடும்பம் சாதாரணமானதன்று. சுதந்தர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் குடும்பமே அது. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜின் மூத்த மகள் எலிசபெத் இளவரசிக்கும் பிலிப் மவுண்ட்பேட்டனுக்கும் நவம்பர் 20-ஆம் நாள் லண்டனில் திருமணம் நடைபெற இருந்தது. பிலிப்பின் தாயார் ஆலிஸ், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தமக்கை. ஆகவே, நம் வழக்கில் சொல்வதானால், மவுண்ட்பேட்டன் மணமகனுக்குத் தாய்மாமன். மணமகனின் தந்தை 1944-இலேயே காலமாகிவிட்டார். மணமகன் சூடிக்கொண்டிருந்த குடும்பப் பெயரும் தாய்மாமனுடைய பெயரே. போதாக்குறைக்கு, மவுண்ட்பேட்டனின் இளைய மகள், 18 வயதுப் பமேலா, மணப்பெண்ணின் தோழியர் எண்மரில் ஒருத்தியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். தாய்மாமன் இல்லாமல் மணப்பந்தல் நிறையுமா?

ஆனால், இந்தியாவின் நிலைமை அன்று எப்படி இருந்தது? நாடு பிரிவினையுற்று மூன்று மாதங்களே ஆகியிருந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை இழந்து, புதிய எல்லையைக் கடந்து இங்கும் அங்கும் சென்றுகொண்டிருந்தனர். டில்லியின் பழைய கோட்டையும் ஹுமாயூன் சமாதியும் அகதிகள் முகாம்களாக மாறியிருந்தன. அக்டோபர் 27-ஆம் நாள் முதல் இந்தியப் படைகள் விமானத்தில் ஸ்ரீநகரில் இறங்கிக் காஷ்மீரத்தில் போரிட்டுவந்தன. நவம்பர் 8-ஆம் நாள்தான் பாரமுல்லா மீட்கப்பட்டது. மறுநாள் ஜூனாகத் சமஸ்தானத்துக்குள் இந்தியப் படை நுழைந்தது. ஹைதராபாத் நிஜாமுடன் பேச்சு இன்னும் முடியவில்லை. கவர்னர் ஜெனரல் சட்டப்படி அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடப்பவரே எனினும், மந்திரிசபையின் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும், நிஜாமின் தூதர்களுடன் பேசியவரும் மவுண்ட்பேட்டனே. அவருடைய மனைவி எட்வினா சீமாட்டி, அகதிகளுக்குத் தொண்டு செய்யும் அமைப்புகளை ஒன்றிணைக்கும் குழுவின் தலைவியாக இருந்தார். வீடு தீப்பற்றியிருக்கும்போது விருந்துக்குப் போகலாமா என்று எவரேனும் கேட்டிருந்தால், அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

மற்றொரு புறமும் உண்டு. இந்தியா புதிதாகச் சுதந்தரம் பெற்ற நாடு. ஓர் ஆங்கிலேயர் இரண்டு வாரம் இல்லாவிட்டால் அதன் ஆட்சி தடுமாறிவிடும் என்றால், அந்தச் சுதந்தரத்தின் பொருள்தான் என்ன? அவர் போவதும், போன இடத்திலிருந்து திரும்பி வருவதும், இடையில் நாடு தன் வழியே நடப்பதும் உலகத்துக்கு ஒரு செய்தியைச் சொல்லும். எஞ்சியது ஒரே கேள்வி: வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

அதற்கு விடையாகக் கல்கத்தாவிலிருந்து ஒரு தமிழர் வந்தார். அந்நாளைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில், கிராம முன்சீப்பின் மகனாக 1878-இல் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் அப்போது மேற்கு வங்காளத்தின் கவர்னராக இருந்தார். வங்காளத்தில் அவருடைய நியமனத்தை விரும்பாதவரும் இருந்தனர்; இருந்தும், பிற மாநிலத்தில் வாழ்ந்து பொறுப்பேற்று நடந்துகாட்டும் அந்தக் கடினமான கலையை அவர் பயின்றுகொண்டிருந்தார். நவம்பர் 10-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை அவர் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாகப் பணியாற்றினார். ஆங்கிலேய வைஸ்ராய்களுக்காகக் கட்டப்பட்டு, பின்னர் ராஷ்டிரபதி பவன் எனப் பெயர் பெற்ற அந்த மாளிகையில், நாட்டின் தலைவர் என்ற நிலையில் முதன்முதலாக வீற்றிருந்த இந்தியர் அவரே. வந்தவர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தம் துணியைத் தாமே துவைத்தார். தம் காலணியைத் தாமே துடைத்துக்கொண்டார். பணியாளர் நிறைந்த அந்த மாளிகைக்கு இது புதுமையாக இருந்திருக்கும். ராஜாஜிக்கு அது புதுமையன்று.

திருமணத்துக்குச் செல்பவர் வெறுங்கையுடன் போகலாமா? மன்னர்களும் மகாராஜாக்களும் வைரமும் மரகதமும் அனுப்பிய காலத்தில், பிர்லா மாளிகையில் தங்கியிருந்த காந்தியடிகளிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. உடைமைகள் அனைத்தையும் அவர் முன்பே துறந்துவிட்டார். நூல் நூற்று அனுப்பலாமே என்று மவுண்ட்பேட்டன் யோசனை சொன்னார். காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலைக்கொண்டு, பஞ்சாபிப் பெண் ஒருத்தி வலைப்பின்னலாக ஒரு விரிப்பைப் பின்னிக் கொடுத்தாள். ‘ஜெய் ஹிந்த்’ என்ற சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. லண்டனில் திருமணப் பரிசுகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, மணமகளின் பாட்டியார் மேரி அரசியார் அதைக் காந்தியடிகளின் அரையாடை என எண்ணி முகம் சுளித்தாராம். பிலிப்போ காந்தியடிகளின் பெருமையை எடுத்துச் சொல்லி மறுத்தாராம்.

இங்கே நினைவுகூர வேண்டிய உறவு ஒன்று உண்டு. பரிசுக்கு நூல் நூற்றவரும், பரிசைக் கொண்டுசென்றவருடைய நாற்காலியில் அமர்ந்தவரும் சம்பந்திகள். காந்தியடிகளின் மகன் தேவதாஸும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் 1933-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூனாவில் மணம் செய்துகொண்டனர். சாதி வேறு, மொழி வேறு, மாநிலம் வேறு. பெற்றோர் விதித்தபடி ஆண்டுக் கணக்கில் பிரிந்திருந்து, உறுதியை மெய்ப்பித்த பின்னரே அவர்கள் மணம்புரிந்தனர். அந்த மணத்துக்கு அரச ஊர்வலமோ, படை அணிவகுப்போ இல்லை. எனினும், மணமகளும் மணமகனும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தமையை எண்ணினால், அதன் சிறப்பு எந்த அரண்மனைத் திருமணத்துக்கும் குறைந்ததன்று.

அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 12-ஆம் நாள் வந்தது. குருட்சேத்திர முகாமில் லட்சக்கணக்கான அகதிகள் தங்கியிருந்தனர். அவர்களை நேரில் காண இயலாத நிலையில், காந்தியடிகள் டில்லி ஒலிபரப்பு மாளிகைக்குச் சென்று வானொலி வாயிலாக அவர்களுக்கு ஆறுதல் கூறினார். அகில இந்திய வானொலியின் நிலையத்துக்கு அவர் வந்தது அந்த ஒரு முறைதான். அந்த நாளே இன்று பொதுச்சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. துக்கத்துக்கு அழைக்காமலே போக வேண்டும் என்றார்களே நம் பெரியோர். காலால் போக முடியாத இடத்துக்கு அவர் குரலால் போனார்.

எட்டு நாள் கழித்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எலிசபெத்தின் திருமணம் நடந்தது. போரில் வென்ற பிரிட்டன் அன்று வறுமையில் வாடியது. போர்க்காலத்தில்கூட ரேஷனுக்கு உட்படாத ரொட்டி, போர் முடிந்த பின் ரேஷனில் வந்தது. இளவரசிக்கும் மணப்புடைவைக்குத் துணி ரேஷன் கூப்பன்கள் தேவைப்பட்டன. நாட்டுப் பெண்கள் பலர் தங்கள் கூப்பன்களையே அவருக்கு அனுப்பினர்; ஒருவருடைய கூப்பனை மற்றொருவர் பயன்படுத்துவது சட்டத்துக்கு மாறானதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. குளிரையும் பொருட்படுத்தாது மக்கள் முந்திய இரவே வீதியோரங்களில் படுத்திருந்து ஊர்வலத்துக்காகக் காத்திருந்தனர். ஆலயத்தினுள் அழைப்புப் பெற்றோர் ஏறத்தாழ 2,000 பேர். பிபிசி ஒலிபரப்பின் வழியே உலகெங்கும் செவிமடுத்தவர்கள் 20 கோடிப் பேர் எனக் கணக்கிட்டனர்.

நார்வே மன்னரும் டென்மார்க் மன்னரும் கடல் கடந்து வந்திருந்தனர். ருமேனியாவின் இளம் மன்னர் மைக்கேல் தம் தாயாருடன் வந்தார். லண்டனுக்கு வந்த இடத்தில் தமக்கு மனைவியாகப் போகும் பெண்ணைச் சந்தித்தார். பிறகு நாடு திரும்பினார். டிசம்பர் 30-ஆம் நாள் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அவரை முடிதுறக்கச் செய்தது. திருமணம் பார்க்கப் போனவர் மணப்பெண்ணைக் கண்டார். திரும்பியவர் அரசை இழந்தார். வர இயலாதோரும் உண்டு. பிலிப்பின் உடன்பிறந்த சகோதரியர் மூவர் உயிரோடிருந்தனர். அவர்கள் ஜெர்மானியரை மணந்தவர்கள். போரின் புண் ஆறாத காலமாதலால் அவர்களுக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை. கடல் கடந்த மன்னர்களுக்கு இருக்கை கிடைத்தது. கூடப் பிறந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

திருமணத்துக்குப் பின் மணமக்கள் முதலில் சென்று தங்கிய இடம், ஹாம்ப்ஷயரில் உள்ள மவுண்ட்பேட்டனின் பிராட்லாண்ட்ஸ் மாளிகை. தாய்மாமன் வீட்டில் மறுவீட்டு விருந்து என்றே நாம் சொல்லலாம். ஆனால் தாய்மாமன் அங்கே நெடுநாள் தங்கவில்லை. நவம்பர் 24-ஆம் நாள் அவர் டில்லியில் மீண்டும் பொறுப்பேற்றார். ராஜாஜி கல்கத்தாவுக்குத் திரும்பினார். நவம்பர் 29-ஆம் நாள் நிஜாமுடன் தற்காலிக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாடு தடுமாறவில்லை.

அந்தப் பதினைந்து நாட்களில் பெரிய நிகழ்ச்சி ஒன்றும் மாளிகையில் நடக்கவில்லையே, அதில் என்ன வரலாறு இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். வீடு காத்தவனுடைய பணி பேசப்படாமல் இருப்பதே அப்பணி செவ்வனே நடந்ததற்குச் சான்று. 1948 ஜூன் மாதம் மவுண்ட்பேட்டன் நிரந்தரமாக விடைபெற்றபோது, அந்த இடத்துக்கு ராஜாஜியையே நாடு அழைத்தது. முதலில் தயங்கிய அவர், நேருவின் வேண்டுகோளுக்கு இணங்கினார். 1950 ஜனவரி 26-ஆம் நாள் குடியரசு மலரும் வரை, இந்தியாவின் முதலாவதும் கடைசியுமான இந்தியக் கவர்னர் ஜெனரலாக அவர் விளங்கினார். இரண்டு வாரப் பொறுப்பு பத்தொன்பது மாதப் பொறுப்புக்கு முன்னுரையாயிற்று.

நூல் நூற்ற கை 1948 ஜனவரி 30-ஆம் நாள் ஓய்ந்துவிட்டது. 1961-ஆம் ஆண்டில் அரசியாராக இந்தியாவுக்கு வந்த எலிசபெத், கணவருடன் ராஜ்காட்டுக்குச் சென்று காந்தியடிகளின் சமாதியில் மலர் வளையம் வைத்தார். தம் திருமணத்துக்கு நேரில் வர முடியாத ஒருவரை அவர் இவ்வாறு நேரில் சென்று வணங்கினார்.

திருமணத்துக்குச் செல்வது உறவின் கடமை. அதனை எவரும் குறை சொல்வதற்கில்லை. குடும்பத்தோடு கடல் கடந்து சென்று கண்ணாரக் கண்டு வாழ்த்துவது பெரும் பேறுதான். ஆயினும், ஒருவர் மனநிறைவுடன் புறப்பட வேண்டுமானால், மற்றொருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். தொலைவில் உள்ள ஊர்களில் இருந்துகொண்டு, ரயில் வண்டிகளை ஓட்டியும் மருத்துவமனைகளில் இரவுக் காவல் இருந்தும் அலுவலகங்களில் கணக்கெழுதியும், நெருங்கியவர் திருமணங்களை இழந்த தமிழர் பலர். வீடியோவில் முகூர்த்தம் காணும் வசதி இன்று வந்துவிட்டது. இருந்தும் பந்தியில் தம் இலை வெறுமையாக இருக்கும் என்ற எண்ணம் அவர்களை வாட்டாமல் இல்லை. அவர்கள் 1947 நவம்பரில் டில்லி மாளிகையில் தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டிருந்த அந்தத் தமிழரை நினைத்துக்கொள்ளலாம். வாழ்த்தப் போனவர் பெயரோடு, காத்திருந்தவர் பெயரையும் வரலாறு எழுதி வைத்திருக்கிறது.