புழுவுக்கு வந்த வைத்தியம், மறதிக்கு வராத வைத்தியம்

1902ஆம் ஆண்டில் இரண்டு வேறு நாடுகளில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான விஷயத்தைச் சொன்னார்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் சில பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். புத்தியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை, தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியவில்லை. இதற்கு வளர்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை என்றார். அமெரிக்காவில் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர், தென் மாநிலத்து ஏழைகள் சோர்ந்து கிடப்பதற்குக் குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுதான் காரணம் என்றார். பத்திரிகைக்காரர்கள் அந்தப் புழுவுக்கு 'சோம்பல் கிருமி' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள்.

"இவன் சோம்பேறி" என்று ஊர் தீர்ப்பு எழுதி முடித்த இடத்தில், "கொஞ்சம் பொறுங்க, காரணம் வேறயா இருக்கலாம்" என்று இரண்டு பேருமே சொன்னார்கள். ஆனால் புழுவைப் பற்றிய செய்தி 14 வருஷத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. கவனத்தைப் பற்றிய செய்தி நூறு வருஷம் தாண்டியும் ஹட்டன், நுவரெலியா லயங்களுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் புழுவின் கதை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று காலனி அரசு 1872இல் ஒரு சட்டம் போட்டது. கோப்பிக் காலம் அது. பிறகு தேயிலை வந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் டிஸ்பென்சரிகள் வந்தன. 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. இரத்தம் குறைந்த கை கொழுந்தைக் குறைவாகத்தான் எடுக்கும் என்ற கணக்கு துரைமாருக்கும் புரிந்தது. ஆனால் புழு மறுபடி வராமல் இருக்கக் கழிப்பறை கட்ட வேண்டும் என்றபோது, அந்தச் செலவுக்குத் தோட்டங்கள் பின்வாங்கின. மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள். புழுவும் திரும்ப வந்தது.

தோட்டத்துக்கு வைத்தியம் வந்தது வேலை செய்யும் உடம்புக்காக என்பதை இதில் பார்க்கலாம். காய்ச்சல், பேதி, பிரசவம், காயம் எல்லாம் டிஸ்பென்சரிக்குப் போகும். மறதிக்கு அங்கே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு வேறு 'மருந்து' இருந்தது: கங்காணியின் ஏச்சு, செக்ரோலில் அரைப்பேர், பள்ளிக்கூடத்தில் பிரம்பு.

இன்னொன்றும் உண்டு. பழைய தோட்ட வாழ்க்கையில் ஒரு நாளை ஞாபகம் வைத்திருக்கும் பொறுப்பு தொழிலாளியின் தலையில் இல்லை. தப்புச் சத்தம் எழுப்பிவிடும், பெரட்டுக்களத்தில் எந்த மலைக்குப் போவது என்று சொல்லிவிடுவார்கள், நிறுக்கும் நேரத்துக்குக் கூப்பிடுவார்கள். அது நல்ல ஏற்பாடு என்று நாங்கள் சொல்லவில்லை. அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒழுங்கு அது. ஆனால் கவனம் சிதறும் ஒருவர் அந்த ஒழுங்குக்குள் வெளியே தெரியாமலே வாழ்ந்து முடித்திருக்கலாம்.

1970களின் கடைசியில் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறத் தொடங்கின. பிள்ளைகள் சாதாரண தரம், உயர்தரம் என்று மேலே போனார்கள். இன்றைக்கு ஒரு மலையகப் பிள்ளை விண்ணப்பப் படிவத்தின் கடைசித் தேதியையும், கொழும்புக் கடையில் முதலாளி சொன்ன ஐந்து வேலைகளையும், அடையாள அட்டையை வைத்த இடத்தையும் தானே ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அங்கேதான் வழுக்குகிறது. "படிக்க வச்சும் பொறுப்பில்லையே" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதற்கிடையில் வெளியுலகில் ஸ்டில் சொன்ன விஷயம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி, ஊக்கமருந்து ஒன்று சில பிள்ளைகளின் படிப்பைச் சீராக்குவதைக் கண்டார். 1968இல் அமெரிக்க உளமருத்துவர்களின் கையேடு இதைப் பிள்ளைகளின் மிகைத் துடிப்பு என்று பதிந்தது. 1980இல்தான் துடிப்பே இல்லாமல் கவனம் மட்டும் சிதறலாம் என்று ஒப்புக்கொண்டது. ஏடிஎச்டி என்ற இன்றைய பெயர் 1987இல் வந்தது. பெரியவர்களுக்கும் இது தொடரும் என்பதற்கு 2013ஆம் ஆண்டுப் பதிப்பு தெளிவாக இடம் கொடுத்தது. 1980இல் நடந்த மாற்றம் பெண் பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம். ஓடி ஆடிக் குழப்பம் செய்யும் பையன் யார் கண்ணிலும் படுவான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் வைத்தியரிடம் கூட்டிப்போவதில்லை.

அந்தக் கையேட்டில் கவனக்குறைவுக்கான ஒன்பது அடையாளங்களில் அன்றாட வேலைகளை அடிக்கடி மறப்பதும் ஒன்று. இது வயதானவர்களுக்கு வரும் மறதி போன்றதல்ல. சொன்ன நேரத்தில் கவனம் வேறெங்கோ இருந்ததால் விஷயம் மனசில் சரியாகப் பதிவதே இல்லை. பதிந்தாலும், தேவைப்படும் நேரத்தில் மேலே வராது. அதனால்தான் பத்து வருஷத்துக்கு முந்திய கிரிக்கெட் ஸ்கோர் ஞாபகம் இருக்கும், அம்மா வாங்கிவரச் சொன்ன மாவு மறந்துபோகும். "வேணுமின்னே செய்யிறான்" என்று வீட்டில் நினைப்பதும் இதனால்தான்.

அப்படியானால் உதவி எங்கே? மனநோய் தொடர்பாக இலங்கையில் 1873இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நீண்ட காலம் மனநல வைத்தியம் என்றால் கொழும்பும் அதை அண்டிய அங்கொடையும்தான். அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவாக மாறிப்போனது. 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைதான் இந்தச் சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. ஆக, நமக்கான கதவு திறந்தே கொஞ்சக் காலம்தான் ஆகிறது.

அந்தக் கதவைத் தட்டும் வழியைச் சொல்கிறோம். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், மனநலக் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். காசு கட்டத் தேவையில்லை. சிறு பிள்ளைகளைக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பலாம். கொழும்பு லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

ஏடிஎச்டியை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டாது. வைத்தியர் கதை கேட்டுத்தான் முடிவு செய்வார். 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்தனவா என்று பார்ப்பார். அதனால் பழைய பள்ளி அறிக்கைகளைக் கொண்டுபோங்கள், சின்ன வயதில் உங்களைப் பார்த்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஒரு வாரம் என்னென்ன மறந்தது, அதனால் என்ன போனது என்று எழுதிக்கொண்டு போங்கள். கிளினிக்கில் எல்லாமே மறந்துபோகும்! இரத்தசோகை, தைரொய்ட், தூக்கமின்மை, மனச்சோர்வு, காது கேளாமை இவற்றாலும் கவனம் குறையும். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மலையகத்தில் இரத்தசோகை இன்னும் சாதாரணம் என்பதை மறக்க வேண்டாம். மருந்து தந்தால் சொன்ன அளவில் மட்டும் குடியுங்கள், கூட்டாளிக்குப் பகிரக் கூடாது.

சிக்கல்களும் இருக்கின்றன. கிளினிக் நாளில் அம்மாவுக்கு ஒரு பேர் போகும், பஸ் காசு போகும். மனசில் இருப்பதைச் சிங்களத்தில் சொல்லத் திணற வேண்டியிருக்கும். 1987ஆம் ஆண்டு 13வது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் கேட்பதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

கழிப்பறை இல்லாமல் புழுமருந்து நிற்கவில்லை. இதுவும் அப்படித்தான். சொல்வதைக் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர், சாவிக்கு வீட்டில் ஒரே ஆணி, போனில் அலாரம், பிந்தி வரும் பிள்ளையை "சோம்பேறி" என்று கூப்பிடாத வாய் எல்லாம் சேர்ந்தால்தான் மாத்திரையும் வேலை செய்யும். புழுவுக்கு மருத்துவத்தை மேலே கொண்டுவந்தது கொழுந்தின் கணக்கு. மறதிக்கு அப்படிக் கணக்குப் பார்க்கும் துரை யாரும் இல்லை. இந்த முறை கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.