புழுங்கல் அரிசியும் தாயின் உணவும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் கோயில்களையும் சங்கங்களையும் ஆராய்வது வழக்கம். அதன் அடுப்படியை ஆராய்வோர் சிலரே. மலாயாத் தமிழரின் அடுப்படியில் வெந்த புழுங்கல் அரிசியோ உலக மருத்துவ வரலாற்றிலேயே இடம்பெற்ற சிறப்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ‘பெரிபெரி’ என்னும் நோயால் பெருந்தொகையினராய் மடிந்தனர். கால்கள் மரத்தன, உடல் வீங்கியது, இதயம் தளர்ந்தது. தோட்டங்களில் வாழ்ந்த தமிழரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கல் அரிசி என்னும் வேறுபாட்டைச் சுட்டி, 1907இல் நூலொன்று வெளியிட்டார். அரிசியில் தோன்றும் நஞ்சே காரணம் என அவர் கருதியது பிழையாயினும், அவர் காட்டிய திசை சரியானதே.

அத்திசையில் நடந்தவர் டாக்டர் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசியும், இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பெற்றன. பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டோருள் அந்நோயால் இறந்தவர் ஒருவருமிலர். தம் விருப்பம் கேட்கப்பெறாத அந்நோயாளிகளின் உயிரை விலையாகக் கொண்டே இவ்வுண்மை பெறப்பட்டது என்பதை மறத்தலாகாது.

பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு நீங்கும் பொருளொன்றின் குறைவே நோய்க்குக் காரணம் என நிறுவினர். அப்பொருளே தையமின் என்னும் உயிர்ச்சத்து. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் ஊடுருவிவிடுவதால், தீட்டிய பின்னும் ஓரளவு எஞ்சுகின்றது.

இவ்வரலாறு தாய்மாரையும் சார்ந்தது. தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ட தாய், தான் நோயுற்றவளாகத் தோன்றாவிடினும், அவளது பாலில் தையமின் குறைந்துவிடும். பால் குடிக்கும் மகவு சில திங்களிலேயே இறக்கவும் கூடும். பிலிப்பீன்சில் இவ்வாறு நலிந்த கைக்குழந்தைகள் தவிட்டுச் சாற்றால் பிழைத்தனர். உயிர் பிழைப்பதோடு இடர் தீர்வதில்லை. 2003இல் இஸ்ரேலில் தையமின் இல்லாத குழந்தைப் பால்மாவை உண்ட மகவுகள் சிலர், நோய்க்குறி வெளிப்படாதிருந்தும், பிற்காலத்தில் மொழித்திறன் குன்றியிருந்தமை ஆய்வில் தெரியவந்தது. குளுக்கோசைப் பயன்படுத்தி வளரும் மூளைக்குத் தையமின் இன்றியமையாதது என்பதே இதன் காரணம்.

எனினும், முன்னோர் உணவு முற்றும் நிறைவுடையது எனப் பெருமிதம் கொள்வது பொருந்தாது. கிள்ளான், காப்பார், மேரு வட்டாரத் தோட்டங்களிலும் பெண்கள் பால்மரம் வெட்டிக்கொண்டே கருவைச் சுமந்தனர். மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்ட மக்களின் குருதியைக் குறைத்தன. புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தடுத்ததேயன்றி இரத்தசோகையைத் தடுக்கவில்லை. கருவுற்றவளுக்கு இரும்புச்சத்து மிகக் குறையின் மகவின் நினைவாற்றலும் கற்றலும் பாதிக்கப்படலாம் என்பது இன்றைய அறிவு. கருவின் தொடக்கத்தில் போலிக் அமிலம் குறையின் மூளையும் தண்டுவடமும் உருவாவதிலேயே ஊறு நேரும்.

வகுப்பறையில் மந்தமாக அமர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று கடிவது எளிது. அவன் கருவிலிருந்த நாளில் அவன் தாய் என்ன உண்டாள் என்று வினவுவார் அரியர். அன்னையைப் பழிப்பதற்கன்று அவ்வினா. அவளுக்கு உணவும் ஓய்வும் கிடைக்கச் செய்யும் பொறுப்பு குடும்பத்திற்கும் சமுதாயத்திற்கும் உண்டு என்பதை உணர்தற்கேயாம்.