தொட்டிக்குள் முளைத்தது எந்த முருகை?

லண்டனில் என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு கல் வாங்கினேன். 'உயிர்க்கல்' என்று விற்பார்கள். இரண்டு மாதம் கழிய, நான் வாங்காத மூன்று உயிர்கள் அதில் முளைத்திருந்தன. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "மென்முருகைதான், பயமில்லை" என்றார். நெடுந்தீவில் முருகைக்கல் வேலிக்குள் வளர்ந்த அம்மாவுக்கு அது ஊத்தையாகத்தான் தெரிந்தது. "உந்தக் கல்லைச் சுடுதண்ணியில அவிச்செடு தம்பி, எல்லாம் கழண்டு போம்" என்றார். நல்லவேளை, அவிக்கவில்லை.

இப்படி ஏதும் முளைத்தால் முதலில் பரிசக்கொம்புகளை எண்ணுங்கள். விளக்கு எரிந்து பொலிப்புகள் நன்றாக விரிந்த பின்னர், கண்ணாடிக்கு வெளியே நின்று உருப்பெருக்கியால் பார்த்தால் போதும். மென்முருகையின் ஒவ்வொரு பொலிப்பிலும் எட்டுக் கொம்புகள் இருக்கும். ஒவ்வொரு கொம்பின் இரு விளிம்பிலும் இறகுபோலச் சிறு கிளைகள் இருக்கும்.

என் கல்லில் இரண்டு இந்தக் கணக்குக்குள் வந்தன. ஒன்று கை விரித்து மூடுவதுபோல ஓயாமல் அசைந்தது. அது செனியா. ஆபத்தில்லை, ஆனால் விட்டால் தொட்டி முழுவதையும் பிடித்துவிடும். மற்றது காளான் வடிவம், தோல்போன்ற தண்டு. உயர்ந்த பொலிப்புகளுக்கு இடையே புள்ளிபுள்ளியாக இன்னொரு வகைச் சிறு பொலிப்புகளும் இருந்தபடியால் சார்க்கோபைற்றன் என்று எடுத்தேன். அதைப்போலத் தோன்றும் சினுலாரியாவில் ஒரே வகைப் பொலிப்புத்தான். சார்க்கோபைற்றன் இடைக்கிடை சில நாட்கள் சுருங்கி, மெழுகுபோன்ற தோலை உரிக்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

இதற்குமேல் இனப்பெயர் வேண்டுமென்றால் ஒரு துண்டை வெட்டி, துணி வெளுக்கும் திரவத்தில் சதையைக் கரைத்து, மிஞ்சும் கல்சியம் காபனேற்று ஊசிகளை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். படத்தைப் பார்த்தே இனத்தைச் சொல்பவர் பெரும்பாலும் ஊகிக்கிறார்.

மூன்றாவதுதான் வில்லங்கம். மண்ணிறப் பொத்தான்கள்; விளிம்பைச் சுற்றி எட்டுக்கு மிக அதிகமான, இறகில்லாத கொம்புகள்; சதைக்குள் மணல் பதிந்திருந்தது. இது பலிதோவா. கடைகளில் மென்முருகையோடு சேர்த்து விற்றாலும் மென்முருகை அல்ல. ஹவாயின் பலிதோவா ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து ஆய்வாளர்கள் 1971 இல் அறிவித்த நஞ்சுதான் பலிடொக்சின். எல்லாப் பலிதோவாவிலும் அது இல்லை. எதில் உண்டு என்பதைக் கண்ணால் சொல்லமுடியாது. அவித்தால் ஆவியோடும், தூரிகையால் தேய்த்தால் துளிகளோடும் மூச்சுக்குள் போகும். 2018 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயரில் தொட்டிக் கல்லைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே வைத்தியசாலைக்குப் போனது.

கையுறையும் கண்காப்பும் இல்லாமல் தொடாதீர்கள். அவிக்கவோ, தண்ணீருக்கு வெளியே சுரண்டவோ வேண்டாம். தொட்ட பிறகு நடுக்கம், காய்ச்சல், வாயில் கசப்பு, மூச்சுத்திணறல் வந்தால் எல்லோரும் அறையை விட்டு வெளியேறி வைத்தியசாலைக்குப் போங்கள். 'பலிடொக்சின்' என்ற சொல்லை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். மாற்று மருந்து கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை.

ஊரிலிருந்து மருமகன் ஒருவன், நிலாவெளிப் பக்கம் உடைத்து வளர்க்கலாமோ என்று கேட்டான். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே முருகை உடைப்பது குற்றம் என்று சொல்லி வைத்தேன்.

அந்தக் கல் இப்போது மூடியிட்ட ஒரு சிறு தொட்டியில் தனியாகக் கிடக்கிறது. அம்மா அதைக் கடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.