வீரக்கதை விளையாட்டின் இலக்கிய மூலங்கள்

விளையாட்டிற்கும் இலக்கியத்திற்கும் உறவு உண்டா என்று வினவினால், இல்லை என்றே நம்மிற் பலர் விடையிறுப்பர். சதுரங்கக் காய் நகர்த்துவோன் காப்பியம் கற்றிருக்க வேண்டுவதில்லை. தாயம் உருட்டுவோனுக்குச் செய்யுள் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும், வாசித்த நூல்களின் பயனாகவே பிறந்த விளையாட்டொன்று உண்டு. 1974 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வெளியான அதன் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. 'நிலவறைகளும் பறவைநாகங்களும்' என்று அதனைத் தமிழிற் கூறலாம்.

இதனை ஆடும் முறையை முதலிற் சொல்லுதல் வேண்டும். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் கதையை நடத்துபவர். பாழடைந்த கோட்டையையோ இருண்ட நிலவறையையோ அவர் சொல்லாலே வருணிப்பார். ஏனையோர் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு முதலிய பாத்திரங்களை ஏற்றுத் தாம் செய்வது யாதெனக் கூறுவர். ஓங்கிய வாள் பகைவன் மேற் பட்டதா, தவறியதா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். இங்கே ஒருவரை ஒருவர் வெல்லும் போட்டி இல்லை. கதை வளர்வதே ஆட்டம்.

இதனை ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர். இருவரும் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடுவதில் ஈடுபாடு கொண்டவர்கள். அத்தகைய விளையாட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரஷ்ய நாட்டுப் படையதிகாரிகளைப் பயிற்றும் பொருட்டு வளர்ந்தது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913 இல் 'லிட்டில் வோர்ஸ்' என்னும் நூலை எழுதி, அதனை வீட்டு விளையாட்டாகவும் ஆக்கினார். 1971 இல் கைகாக்ஸ் வேறொருவருடன் சேர்ந்து வெளியிட்ட இடைக்காலப் போர் விளையாட்டு விதிநூலில், மந்திரவாதிகளுக்கும் பறவைநாகங்களுக்கும் உரிய பகுதியொன்று பிற்சேர்க்கையாக இடம்பெற்றது. அக்காலத்தில் ஆர்னிசன் மினசோட்டா மாநிலத்தில், படை முழுவதையும் நடத்துவதை விடுத்து ஆளுக்கொரு பாத்திரத்தை நடத்தும் முறையைத் தம் நண்பரிடையே வளர்த்து வந்தார். இவ்விரண்டும் ஒன்றுசேரப் புதிய விளையாட்டுப் பிறந்தது.

உடல் போர் விளையாட்டிலிருந்து வந்தது. உயிரோ நூல்களிலிருந்து வந்தது. கைகாக்ஸ் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். காப்புறுதித் துறையிலே தொழில் பார்த்தவர். ஆயினும் ஓயாது வாசித்தவர். அவர் விரும்பி வாசித்தவற்றுட் பல, கற்றோர் பெரிதாக மதியாத மலிவுச் சஞ்சிகைகளில் வந்த கதைகள். அத்தகைய 'வியர்ட் டேல்ஸ்' என்னும் சஞ்சிகையிலே, 1932 இல் ரொபேட் ஹவாட் என்பார் கொனன் என்னும் முரட்டு வீரனை அறிமுகஞ் செய்தார். 1939 இல் பிரிட்ஸ் லைபர் என்பார் நெடிய வடநாட்டு வீரனையும் குறுகிய உருவுடைய கள்வனையும் நண்பராக்கிக் கதை எழுதத் தொடங்கினார். விளையாட்டிற் கள்வன் என்னும் பாத்திரம் 1975 இல் இடம்பெற்றபோது, லைபரை வாசித்தவர்களுக்கு அது பழகிய முகமாகவே இருந்திருக்கும்.

இன்னும் தெளிவான சான்று ஜக் வான்ஸ் 1950 இல் வெளியிட்ட 'த டையிங் ஏர்த்' என்னும் நூல். அதில் வரும் மந்திரவாதி மந்திரங்களை நெட்டுருச் செய்கிறான். ஒருமுறை உச்சரித்ததும் அம்மந்திரம் அவன் நினைவிலிருந்து அழிந்துவிடுகிறது. இக்கற்பனை அப்படியே விளையாட்டின் விதியாயிற்று. போல் அண்டர்சன் 1961 இல் நூலாக வெளியிட்ட கதையொன்றிலிருந்து, வெட்டுண்ட உறுப்பு மீண்டும் பொருந்த, நெருப்பொன்றாலேயே அழியும் அரக்கன் வந்தான். ஒழுங்கும் குழப்பமும் உலகில் இடையறாது பொருகின்றன என்னும் கருத்தும் அவரிடமிருந்தும், மைக்கல் மூர்கொக் என்பாரிடமிருந்தும் வந்தது.

ஒக்ஸ்போட் பேராசிரியர் ரோல்கீன் பற்றிய செய்தி சற்றுச் சிக்கலானது. அவருடைய 'ஹொபிட்' 1937 இலும், 'த லோட் ஒவ் த றிங்ஸ்' 1954, 1955 ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. அவற்றில் வரும் இனங்களின் பெயர்கள் விளையாட்டின் முதற் பதிப்பிலே வெளிப்படையாக நின்றன. 1977 இல் உரிமையாளர் மறுப்புத் தெரிவிக்கவே, அப்பெயர்கள் மாற்றப்பட்டன. உருவங்களோ மாறவில்லை. கைகாக்ஸ் 1979 இல் வெளியிட்ட நூலொன்றின் பிற்சேர்க்கையில் தமக்கு ஊக்கமளித்த ஆசிரியர் இருபதுக்கு மேற்பட்டோரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் ரோல்கீன் உண்டு. ஆனால் நெருங்கிய செல்வாக்குடையோர் எனத் தனியே எடுத்துரைத்தோருள் அவர் இல்லை. கடனை ஒப்புக்கொண்டார், அதன் அளவைக் குறைத்துச் சொன்னார் என்றே கொள்ள வேண்டியுள்ளது. ரோல்கீனும் தம் குள்ளர்களின் பெயர்களைப் பழைய ஐஸ்லாந்துப் பாடலொன்றிலிருந்து பெற்றவரே. எனினும், ஓர் இனத்தின் பொதுச் சொத்தாகிவிட்ட பழம்பாடலிலிருந்து எடுப்பது வேறு. ஒருவர் தம் வாழ்நாளை ஈந்து ஆக்கிய உலகத்திலிருந்து எடுப்பது வேறு.

இவ்வாறு எடுக்கும்போது இழப்பும் நேரும். அதை நாம் எளிதில் உணர ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1977 இல் வந்த விலங்குகள், அரக்கர்கள் பற்றிய விதிநூலில் இராட்சதரும் இடம்பெற்றனர். புலித்தலை கொண்டவராய், மாயத் தோற்றத்தால் ஏமாற்றுவோராய், முற்றிலும் தீயோராய் அவர்கள் காட்டப்பட்டனர். இராமாயணத்து இராவணன் கலையும் கல்வியும் நிறைந்தவன். விபீடணன் அறத்தின் பக்கம் நின்றவன். கும்பகருணன் அண்ணனுக்கு அறிவுரை கூறியும் அவனுக்காகவே உயிர் கொடுத்தவன். இவர்கள் எல்லோரும் ஒரு தலைப்பின் கீழ், சில எண்களாகச் சுருங்கிவிட்டனர்.

ஆகையால் இவ்விளையாட்டை எவ்வாறு மதிப்பிடுவது? 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் இது இளைஞரைக் கெடுக்கும் என்று அஞ்சினர். அவ்வச்சம் பொருத்தமானதாகத் தோன்றவில்லை. கைகாக்ஸின் நூற்பட்டியல் பல இளைஞர்களை மறந்துபோன ஆசிரியர்களிடம் அழைத்துச் சென்றது; அது சிறிய தொண்டன்று. ஆனால் பட்டியலை விட்டு விதியை மட்டும் பற்றியவருக்குக் கிடைப்பது உமியே. பிள்ளைகள் ஒரு விளையாட்டிலே மூழ்கியிருக்கக் கண்டால், பெற்றோரும் ஆசிரியரும் அதனைப் பறிக்க விரையாது, இந்த அரக்கன் எந்த நூலிலிருந்து வந்தான் என்று கேட்டல் நன்று. அவ்வினாவின் விடையைத் தேடும் பிள்ளை நூலகத்தின் வாயிலுக்குத் தானாகவே வந்து சேரும்.