அறிதல் வேறு, ஏற்றல் வேறு

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த பாரியூரில் கொண்டத்துக் காளியம்மன் கோயிலின் குண்டம் விழா நடைபெறும் நாளில், விரதமிருந்த மக்கள் சாரை சாரையாகச் செல்வதை ஊரே காண்கிறது. நம் வீட்டுப் பிள்ளையும் காண்கிறது. "அத்தா, இவர்கள் ஏன் நெருப்பின்மேல் நடக்கிறார்கள்?" என்று அது கேட்டால், நம்மில் பலர் சொல்லும் விடை ஒன்றுதான்: "அது நமக்கெதற்கு? போய்ப் பாடத்தைப் படி!"

பிள்ளை பாடநூலைத் திறக்கிறது. அங்கே தேவாரம் இருக்கிறது, திருவாசகம் இருக்கிறது, மணிமேகலை இருக்கிறது. வரலாற்றுப் பகுதியைப் புரட்டினால் கௌதம புத்தரும் குருநானக்கும் வருகிறார்கள். நாம் ஒதுக்கிய வினா பள்ளி வழியாக மீண்டும் நம் வாயிலுக்கே வந்து நிற்கிறது.

பிறர் சமயத்தைப் படித்தால் பிள்ளையின் ஈமான் தளர்ந்துவிடுமோ என்னும் அச்சம் பெற்றோரிடம் உண்டு. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. ஆனால் அதற்குரிய விடையை வரலாற்றில் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கஜினி மஹ்மூதின் படையெடுப்புகளைப் பாடநூலில் படிக்காத மாணவன் இல்லை. அதே மஹ்மூதின் காலத்தில், அவருடைய ஆட்சிக்குட்பட்டு வாழ்ந்த அறிஞர் அல்பிரூனியைப் பற்றி எத்தனை மாணவர் அறிவர்? 973இல் குவாரிஸ்மில் பிறந்த அப்பேரறிஞர், வடமொழியை முயன்று கற்றார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை முடித்தார். இந்துக்களின் கொள்கைகளை மறுத்து வாதிடுவது தம் நோக்கமன்று என்றும், அவர்கள் சொல்வதை உள்ளது உள்ளபடி எடுத்துரைப்பதே நோக்கம் என்றும் தொடக்கத்திலேயே வரையறுத்துக் கொண்டார். மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைச் சிதைத்து, மக்கள் உள்ளத்தில் வெறுப்பை விதைத்தன என்று எழுதவும் அவர் தயங்கவில்லை.

அந்நூலில் பௌத்தம் பற்றி அவர் மிகுதியாக எழுதவில்லை. பௌத்த நூலொன்றும் தமக்குக் கிட்டவில்லை, கேட்டறிய ஒரு பௌத்தரையும் தாம் சந்திக்கவில்லை என்று காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஒரு சமயத்தை அதற்குரியவர் வாயிலாகவே அறிய வேண்டும் என்னும் நேர்மையை இங்கே காண்கிறோம். இத்தனை படித்தும் அல்பிரூனி முஸ்லிமாகவே வாழ்ந்தார், முஸ்லிமாகவே மறைந்தார்.

இதே நேர்மையைத் தமிழகத்திலும் காணலாம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் சைவ மரபில் தோய்ந்தவர். சமணக் காப்பியமாகிய சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, அதன் சமயக் கருத்துகள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்கே சென்று, கேட்டுத் தெளிந்து, 1887இல் அந்நூலை வெளியிட்டார். பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தக் கொள்கைகளை அறிஞர் ரங்காசாரியாரின் துணையோடு பயின்று, 1898இல் அதனை அச்சேற்றினார். கோபியில் விக்டோரியா அரசியின் பெயரால் வைரவிழாப் பள்ளி தொடங்கப் பெற்றதும் அதே 1898இல்தான். நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளுக்குள் கிடந்த பௌத்தக் காப்பியம், பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் காலம் அப்போதுதான் பிறந்தது எனலாம்.

அம்மணிமேகலையே ஒரு மாணவியின் கதைதான். அவள் வஞ்சி நகருக்குச் சென்று, பல்வேறு சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். அந்த வஞ்சி, கொங்கு நாட்டுக் கரூரே என்று கருதும் அறிஞரும் உளர். எல்லோரையும் கேட்டதால் அவள் கலங்கிப் போகவில்லை. கேட்டபின் தன் வழியைத் தெளிவுடன் தேர்ந்தாள். நமக்கு அண்மையிலுள்ள விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரோடு தொடர்புடைய ஊர் அது. பல சமயங்கள் அருகருகே வாழ்வது கொங்கு மண்ணுக்குப் புதிதன்று.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பெற்றோர் அறிதல் நலம். அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின்படி, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற நிலையத்தில், சிறுவர் எவரையும் காப்பாளரின் இசைவின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்தலும் கூடாது. ஆகவே, வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறு கேட்டால் மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. பாடமாகப் படிப்பதோ வேறு. 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு, சமயக் கல்வியையும் சமயங்களைப் பற்றிய கல்வியையும் வேறுபடுத்திக் காட்டி, பின்னதைப் பள்ளிகளில் தரலாம் என்றது. குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஆராய ஒரு பல்கலைக்கழகம் வகைசெய்வது சமய போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. சமயங்களைப் பற்றிப் பயில்வதற்கு 28ஆம் பிரிவு தடையன்று என்பதை 2002இலும் அது உறுதி செய்தது.

அண்டை நாடாகிய இலங்கையில் ஒவ்வொரு மாணவனும் தன் சமயத்தைப் பாடமாகப் படிக்கிறான். பௌத்தனுக்குப் பௌத்தம், சைவனுக்குச் சைவம், முஸ்லிமுக்கு இஸ்லாம். தன் மார்க்கத்தைக் கற்க அது நல்ல ஏற்பாடே. ஆயினும் அடுத்த அறையில் அமர்ந்திருப்பவன் எதை நம்புகிறான் என்பதை அப்பாடம் சொல்லாது. நம் நிலைமை வேறு. நம் பிள்ளைக்கு மார்க்கத்தைக் கற்றுத் தர வீடும் மதரஸாவும் உண்டு. அண்டை வீட்டாரின் நம்பிக்கையை முறையாகக் கற்றுத் தருவதற்குப் பள்ளி வகுப்பைவிட ஏற்ற இடம் ஏது?

முறையாக என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னாளில் பாடநூல்களில் நம்மை 'முகமதியர்' என்றே எழுதினர். பெருமானார் (ஸல்) அவர்களை நாம் வணங்குவதுபோல் அப்பெயர் பொருள்பட்டதால் நாம் வருந்தினோம். அவ்வாறே, சீக்கிய நெறியை இரு சமயங்களின் கலவை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும்போது ஒரு சீக்கியர் வருந்துகிறார். அவருக்கு அது ஒரே இறைவனைப் போற்றும் தனி நெறி. புத்தரைப் படைப்புக் கடவுளாகப் பௌத்தர் வணங்குகின்றனர் என்று சொல்லும்போதும் அதே பிழையைச் செய்கிறோம். படைப்புக் கடவுள் என்னும் கருத்தை அந்நெறி கொள்ளவில்லை. துன்பத்தின் காரணத்தையும் அதனை நீக்கும் எண்வகை வழியையுமே அது பேசுகிறது.

பிறரைச் சரியாக அறியும்போது நம்மவரையும் அங்கே சந்திக்கிறோம். 1604இல் குரு அர்ஜன் தொகுத்த சீக்கியத் திருநூலில், பாக்பட்டனில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி ஷெய்கு ஃபரீதின் பாடல்கள் இடம்பெற்றுள்ளன. பொற்கோயிலில் இன்றும் அவை ஓதப்படுகின்றன. இதனை அறிந்த முஸ்லிம் மாணவனின் ஈமான் குறைவதில்லை. அவன் உள்ளம் விரிகிறது.

மனித குலம் பல சமூகங்களாக ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிவதே என்பது திருமறையின் 49:13ஆம் வசனம் தரும் கருத்து. அறிதல் வேறு, ஏற்றல் வேறு. அறியாமல் வெறுப்பதோ இரண்டினும் தாழ்ந்தது.

ஆகவே, குண்டத்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு இப்படி விடை சொல்வோம்: "மகனே, அவர்கள் அம்மனிடம் வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனை அப்படிச் செலுத்துகிறார்கள். நம் வழி அதுவன்று. நாம் அல்லாஹ்விடம் மட்டுமே வேண்டுகிறோம். மேலும் அறிய வேண்டுமானால் உன் வகுப்புத் தோழனிடம் பணிவோடு கேள்."

ரமலானில் அந்தத் தோழன் தன் அப்பாவிடம், "இவன் ஏன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை?" என்று கேட்பான். அந்த அப்பாவின் விடை எவ்வாறு அமைய வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அவ்வாறே நம் விடையும் அமையட்டும்.