இரண்டு வெள்ளிக் கச்சைகள்

குத்துச்சண்டை காணச் செல்வோன் ஒரு விடையை நாடியே செல்கிறான். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதே அவ்விடை. இருவரும் சமம் என்று மத்தியஸ்தர் கூறிவிடின், பணங்கொடுத்துப் பார்த்தவனும் பந்தயங் கட்டியவனும் மனநிறைவின்றி வீடு திரும்புகின்றனர். ஆயினும் சமம் என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. இருவர் ஆற்றலும் உண்மையிலேயே ஒத்திருந்தமையால் சமம் என்பது ஒரு வகை. தீர்ப்புக் கூற இயலாமையாலோ, கூற மனமின்மையாலோ சமம் என்று சொல்லி விலகிவிடுவது மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிய விரும்புவோர், 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷையரைச் சேர்ந்த பார்ன்பரோ என்னும் ஊரில் நடந்த போட்டியைச் சற்றே ஆராய்வது நலம்.

அன்று எதிர்நின்ற இருவரும் உழைப்பாளிகள். டாம் சேயர்ஸ் 1826-இல் பிரைட்டன் நகரில் பிறந்தவர். செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் கொத்தர். இங்கிலாந்தின் வீரப்பட்டத்தைத் தாங்கியவர். ஜான் காமல் ஹீனன் என்பார் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து டிராய் நகர்ப்பக்கம், ஐரிஷ் குடும்பமொன்றில் பிறந்தவர். கலிபோர்னியாவில் பெனீஷியா என்னுமிடத்துக் கப்பல் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர். அதனாலேயே ‘பெனீஷியாப் பையன்’ என்ற பெயர் அவருக்கு வழங்கிற்று. 1858-இல் அவரைத் தோற்கடித்த மாரிஸ்ஸி என்பவர் களத்தினின்றும் விலகிக்கொள்ளவே, அமெரிக்க வீரப்பட்டம் தம்முடையதென்று ஹீனன் உரிமை கொண்டாடினார். சேயர்ஸ் உயரம் ஐந்தடி எட்டரை அங்குலம். நிறை ஏறக்குறைய 150 ராத்தல். ஹீனன் ஆறடிக்கு மேலும் உயர்ந்தவர். நிறையில் நாற்பது ராத்தலுக்கு மேற்பட்டவர். வயதிலோ சுமார் எட்டாண்டு இளையவர். நிறைக்கேற்ப வீரரை வகுத்து நிறுத்தும் வழக்கம் அந்நாளிலில்லை.

பந்தயம் பக்கத்துக்கு 200 பவுன். அக்காலத்துச் சட்டப்படி இத்தகைய சண்டை குற்றமாகும். அதனால் இடம் மறைக்கப்பட்டது. விடியுமுன் லண்டன் பாலத்து நிலையத்தினின்றும் ரயில் புறப்பட்டது. சேருமூர் குறிக்கப்படாத டிக்கெட்டுகள் விற்கப்பட்டன. சட்டம் ஒருபுறம் தடுக்க, ரயில் கம்பெனி மறுபுறம் ஏற்றிச் சென்றது. வண்டியில் கூலியாட்கள் மட்டுமல்லர், சீமான்களும் இருந்தனர்.

போட்டியின் விதிகளை ஈண்டு அறிந்துகொள்வது அவசியம். கையில் உறையில்லை. இத்தனை சுற்று என்ற வரையறையும் இல்லை. ஒருவர் தரையில் வீழ்ந்ததும் ஒரு சுற்று முடியும். முப்பது விநாடி ஓய்வுக்குப் பின், மேலும் எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டுக்கு வந்து நில்லாதவர் தோற்றவராவார். குத்துதலோடு, பிடித்துத் தூக்கி எறிதலும் உண்டு. புள்ளி எண்ணுவாரில்லை. ஒருவர் முடியாதென்று நிற்கும்வரை சண்டை ஓயாது என்பதே அடிப்படை.

சண்டை தொடங்கிச் சில சுற்றுக்களுக்குள் சேயர்ஸின் வலக்கை செயலிழந்தது. அதன்பின் அவர் இடக்கை ஒன்றினாலேயே போரிட்டார். பன்முறை வீழ்த்தப்பட்டும் ஒவ்வொரு முறையும் நடுக்கோட்டுக்கு வந்தார். ஹீனனின் முகத்தையே குறிவைத்து அடித்தார். ஹீனனுக்கு ஒரு கண் மூடிப்போய், மற்றக் கண்ணும் வீங்கத் தொடங்கிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. 37-ஆம் சுற்றில் ஹீனன் சேயர்ஸின் கழுத்தைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தினார். மூச்சுத் திணறும் நிலை. அவ்வேளையில் கயிறு அறுக்கப்பட்டது, கூட்டம் கோதாவுக்குள் பாய்ந்தது, போலீசாரும் நெருங்கினர். மத்தியஸ்தர் நெருக்குண்டு அப்பால் தள்ளப்பட்டார். அவர் அருகிலில்லாமலே மேலும் ஐந்து சுற்றுக்கள் குழப்பத்தில் நடந்தேறின. இறுதியில் எல்லோரும் ஓட்டம் பிடித்தனர். முடிவு சமம் என்று அறிவிக்கப்பட்டது.

அமெரிக்கர் கொதித்தெழுந்தனர். தம் வீரர் வெல்லுந் தறுவாயில் ஆங்கிலேயர் கயிற்றை அறுத்து வெற்றியைத் திருடிவிட்டனர் என்றனர். ஆங்கிலேயரோ, கழுத்தை நெரித்தல் குத்துச்சண்டையாகாது, ஹீனன் இன்னும் சில நிமிடங்களில் குருடராகியிருப்பார், ஒரு கையனை இரு கையன் இரண்டு மணி நேரத்தில் வீழ்த்த முடியாதது எவ்வகை வெற்றி என்று மறுத்துரைத்தனர். பெரும்பாலும் அவரவர் பிறந்த நாட்டைக் கேட்டே அவரவர் தீர்ப்பை அறிந்துகொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது.

உணர்ச்சியை நீக்கி விதியை மட்டும் நோக்குவோம். ஒருவன் கயிற்றின்மீது சிக்கி உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்தால், அவனை விடுவித்துச் சுற்றை முடிக்கும் அதிகாரம் மத்தியஸ்தருக்கு உண்டு என்று விதி கூறிற்று. எனவே சேயர்ஸைக் காப்பாற்றியது தவறன்று. ஆனால் அதிகாரம் மத்தியஸ்தருக்கே உரியது, கூட்டத்துக்கு உரியதன்று. அதிகாரிகள் குறுக்கிட்டுச் சண்டை நின்றால், மத்தியஸ்தர் மறுபடி கூடுவதற்கு இடமும் காலமும் குறிக்கலாம் என்பதும் அதே விதிகளில் உள்ளது. ஹீனன் கேட்டதும் அதுவே: முடிவு காணும்வரை மீண்டும் மோத வேண்டும். அவர் வென்றிருப்பாரா என்பதை எவராலும் சொல்லவியலாது. ஆனால் கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வுரிமைக்கு ஈடாக அளிக்கப்பட்டது யாது? வெள்ளிக் கச்சை. வீரப்பட்டத்தின் கச்சை ஒன்றே இருக்கவேண்டிய இடத்தில், ஒரே மாதிரியாக இரண்டு கச்சைகள் செய்து ஆளுக்கொன்று வழங்கினர். சேயர்ஸுக்கு மக்கள் சந்தா திரட்டி 3,000 பவுன் சேர்த்தனர். இனிச் சண்டையிடக் கூடாதென்பது நிபந்தனை. அக்கொடை அன்பினால் விளைந்தது. அதனைக் குறைகூற மாட்டோம். எனினும் அந்நிபந்தனையினால் மறுபோட்டிக்கு வழி அடைபட்டது. கேள்வி விடையின்றியே புதைக்கப்பட்டது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மத்தியஸ்தராயிருந்த பிரான்சிஸ் டௌலிங், அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த விளையாட்டுப் பத்திரிகையான பெல்ஸ் லைப் இதழின் ஆசிரியர். அவர் நேர்மையற்றவர் என்று நாம் கூறவில்லை. ஆனால் தீர்ப்புக் கூறியவரும் அத்தீர்ப்பை நாட்டுக்கு அச்சிட்டுத் தெரிவித்தவரும் ஒருவரேயானால், அதனைச் சரிபார்ப்பவர் யார்?

சேயர்ஸ் 1865-இல், நாற்பது வயது நிரம்பாமலே மாண்டார். ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். ஹீனன் 1863-இல் டாம் கிங் என்பவரிடம் தோற்று, 1873-இல் இறந்தார். அவர்களைக் கொண்டு பந்தயங் கட்டியவர்கள் பலர் அவ்விருவரிலும் நீண்டநாள் வாழ்ந்திருப்பர்.

1867-இல் குவீன்ஸ்பெரி விதிகள் வெளிவந்தன. அவற்றை வகுத்தவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ். கைக்கு உறை வந்தது; சுற்றுக்கு மூன்று நிமிடமும், ஓய்வுக்கு ஒரு நிமிடமும் வரையறுக்கப்பட்டன; பிடித்தெறிதல் விலக்கப்பட்டது. பிற்காலத்தில் புள்ளிக் கணக்கும் ஏற்பட்டது. சுற்றில் மேம்பட்டவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பதோ அதனினும் குறைவோ என நடுவர் மூவர் தனித்தனியே எழுதிக் கூட்டுவர். இனித் தகராறே இராது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை.

1999-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆங்கிலேயரான லெனாக்ஸ் லூயிஸும் அமெரிக்கரான இவாண்டர் ஹோலிஃபீல்டும் பெருநிறைப் பிரிவின் பட்டத்துக்காகப் பன்னிரண்டு சுற்றுக்கள் மோதினர். எண்ணியவர் கணக்கில் லூயிஸ் கொடுத்த அடிகள் 348. ஹோலிஃபீல்ட் கொடுத்தவை 130. தென்னாப்பிரிக்க நடுவர் லூயிஸுக்கு 116-113 என எழுதினார். அமெரிக்க நடுவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113 என எழுதினார். ஆங்கிலேய நடுவர் 115-115 எனச் சமமாக்கினார். ஆகவே முடிவு சமம். பார்த்தவர் பலர் திகைத்தனர்.

சிறப்பாக, லூயிஸ் ஓங்கி நின்ற ஐந்தாம் சுற்றை அமெரிக்க நடுவர் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தமை பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அச்சுற்று ஒன்றை மாற்றிக் கணக்கிட்டால் அவருடைய தாள் 114-114 ஆகும். ஒருவர் லூயிஸ் பக்கம், இருவர் சமம். அப்போதும் முடிவு சமமே! பழி முழுவதும் ஒருவர் தலையில் சுமத்தப்பட்டது. ஆனால் ஆங்கிலேய நடுவரின் தாளும் அம்முடிவைத் தாங்கி நின்றது. இவ்வுண்மையை நாம் காண்பது எதனால்? கணக்கு, சுற்றுச் சுற்றாய் எழுதப்பட்டுப் பொதுமக்கள் கண்ணுக்கு வந்தமையால். எட்டுத் திங்களுக்குள், நவம்பர் 13-இல் லாஸ் வேகாஸ் நகரில் மறுபோட்டி நடந்தது. மூன்று நடுவரும் லூயிஸுக்கே வெற்றி என்றனர். ஹீனனுக்குக் கிட்டாத மறுபோட்டி லூயிஸுக்குக் கிட்டிற்று.

நடுவர் நல்லவராயிருப்பது நன்றே. அதனினும் நன்று, அவர் போட்ட கணக்கு வெளியிலிருப்பது. தோட்டத்தில் பால் நிறுப்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். கிராணி எத்தகையவராயினும், தராசு முள் உழைத்தவன் கண்ணுக்குத் தெரியும்படி நிற்குமாயின், தவறு நேர்ந்த இடத்தைச் சுட்டிக் கேட்கலாம். அன்றே திருத்தவும் செய்யலாம். மறைவில் நிறுத்துவிட்டுப் பின்னர் இனாம் கொடுப்பது அதற்கு ஈடாகாது. சங்கத் தேர்தலாயினும், பள்ளிப் பரிசாயினும், ஊர்ப் பஞ்சாயத்தாயினும், ‘இருவரும் சமம், போய் வாருங்கள்’ என்று கூறப்படுமிடத்து, அச்சமம் எக்கணக்கிலிருந்து பிறந்தது என்று கேட்பது நம் கடமை. கணக்கைக் காட்டினால் அமைதியோடு ஏற்போம். காட்டாமல் கச்சையை நீட்டினால், அதை வாங்குமுன் அன்பர்கள் சிந்திப்பார்களாக.